பெட்டிக்குள் கண்ணில் படாத பாகம்

 

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த சாய்ந்தமருதுத் தம்பி ஒருவர் கடிதம் அனுப்பியிருக்கிறார். "வாப்பா கட்டாரில் இருக்கிறார். பரீட்சை முடிந்ததும் கொம்பியூட்டர் போடக் காசு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். கேம் விளையாடத் தோதாக ஒன்றைக் குறைந்த செலவில் போடப் பார்க்கிறேன். லிஸ்டைப் பார்த்துச் சொல்லுங்கள் காக்கா" என்று கேட்டு, பாகங்களின் பட்டியலையும் வைத்திருந்தார். காசில் பாதிக்கு மேல் கிராஃபிக்ஸ் கார்டுக்கு. கண்ணாடி வைத்த, கலர் லைட் எரிகிற கேசிங். ஆகக் கடைசி வரி: "பவர் சப்ளை, கேசிங்கோடு வரும்." அந்த வரிக்காகத்தான் இந்த மாதப் பக்கத்தை ஒதுக்கினேன்.

என் மருமகனும் 2021-இல் பெருநாள் காசையும் உம்மாவின் சீட்டுக் காசையும் சேர்த்து இப்படித்தான் ஒன்று போட்டான். கேசிங்கோடு வந்த பவர் சப்ளைதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், உங்களுக்கும் ஞாபகமிருக்கும். அப்படியொரு இரவில் கரண்ட் திரும்பி வந்த கையோடு பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கருகிய வாசனை அறை முழுக்கப் பரவியது. பவர் சப்ளையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வெறும் தகரப் பேணி மாதிரி, பாரமே இல்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் மட்டும் 500 வாட்ஸ் என்று பெரிதாக எழுதியிருந்தது. போகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டே போய்விட்டது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. அவன் மறுபடி ஒன்று போட இரண்டு வருடம் எடுத்தது.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கி உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பங்கிடுவது பவர் சப்ளைதான். நல்லதென்றால், வோல்ட் ஏறினாலோ எங்காவது ஷோர்ட் ஆனாலோ தானே நின்றுவிடும். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளில் விலையைக் குறைக்க இந்தப் பாதுகாப்புகளில்தான் பெரும்பாலும் கை வைக்கிறார்கள். மருதமுனையில் தறி வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பாவு நைந்து போனதென்றால் ஊடைக்கு எவ்வளவு நல்ல நூல் ஓட்டினாலும் பிடவை நிற்காது.

ஸ்டிக்கரில் இருக்கும் பெரிய இலக்கத்துக்கு மயங்கவும் வேண்டாம். ரைசன் 5 5600 ப்ரொசெஸர் 65 வாட்ஸ் வகை, முழு வேலையில் கொஞ்சம் கூட இழுக்கும். ஆர்.எக்ஸ். 6600 கார்ட் 132 வாட்ஸ். ஃபேன், டிஸ்க், மதர்போர்ட் எல்லாம் சேர்த்தாலும் 300-ஐத் தாண்டாது. ஆகவே 80 பிளஸ் முத்திரையும் சில வருட வொரண்டியும் உள்ள நேர்மையான 500 வாட்ஸ் போதும். 750 என்று பொய் சொல்லும் பெட்டியை எடுப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

தம்பியின் லிஸ்டில் இன்னொன்றும் இருந்தது. ப்ரொசெஸரின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தை அவர் கவனிக்கவில்லை. ரைசன் 5 5600-க்குத் தானாகப் படம் காட்டத் தெரியாது. 5600ஜி-க்குத் தெரியும். இன்டெலில் கடைசி எழுத்து எஃப் என்றிருந்தால் அதற்கும் தெரியாது. காசு போதாவிட்டால் இப்போதைக்கு 5600ஜி-யைப் போட்டு, கார்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்பது என் யோசனை. வெலோரன்ட் மாதிரி கேம்கள் கார்ட் இல்லாமலே தாராளமாக ஓடும். ஆனால் ரெம்மை 16 ஜி.பி. ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜி.பி. இரண்டாக வாங்க வேண்டும். கார்ட் இல்லாத கொம்பியூட்டர் படம் வரைவதற்கும் அந்த ரெம்மைத்தான் பாவிக்கிறது. துண்டு இரண்டென்றால் பாதை இரண்டு; கேம் ஓடும் வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரெம் விலை உலகம் முழுக்க ஏறியது. அதனால் நல்ல பாவித்த டி.டி.ஆர். 4 கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம்.

பாவித்த கார்டில் மட்டும் அவசரப்பட வேண்டாம். ஈதரியம் என்ற டிஜிட்டல் நாணயம் 2022 செப்டெம்பர் 15-ஆம் திகதி மைனிங் முறையைக் கைவிட்டதும், அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகச் சந்தையில் குவிந்தன. பலது இன்னும் நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் அரை மணி நேரம் கேம் ஓடவிட்டு, சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரில் இரண்டு ரகம் உண்டு. அசலில் 2304 கோர்கள், குறைத்துச் செய்ததில் 2048. ஜி.பி.யூ-இஸட் என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டிவிடும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி விலை கேட்பது நல்லதுதான். ஆனால் வொரண்டிக்காக இரவு பஸ்ஸில் போய்வரும் செலவையும் அந்த விலையோடு கூட்டிப் பாருங்கள். சிறிய வித்தியாசமென்றால் நான் ஊர்க் கடையில்தான் எடுப்பேன்.

கொழும்பில் எழுதும் யாரும் சொல்லாத ஒன்று நம் கரைக்கு இருக்கிறது. கல்முனையில் கடலிலிருந்து நாலு தெரு தள்ளியிருந்தாலும் கேசிங்கின் ஸ்க்ரூ ஒரு வருடத்தில் துருவேறும். கச்சான் காற்று புழுதியைக் கொண்டுவரும், வாடைக்காற்று உப்பு ஈரத்தைக் கொண்டுவரும். ஆகவே தூசி வலை வைத்த சாதாரணத் தகரக் கேசிங்கே நமக்குப் போதும். அதை ஜன்னலோரம் வைக்காமல், மழைக்காலத்தில் தினமும் கொஞ்ச நேரமாவது ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது.

கேசிங்கைத் தொட்டால் விரலில் 'சுர்' என்று ஏறுகிறதா? வீட்டில் ஏர்த் சரியில்லை என்பதற்கு அதுவே அடையாளம். காய்ந்த கடற்கரை மணலில் ஏர்த் கம்பி சரியாகப் பிடிக்காது. ஆழமாக இறக்க வேண்டும். கொம்பியூட்டர் போட முதல் ஒரு வயரிங் பாஸைக் கூப்பிட்டு அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ரௌட்டர் வயரையும் சேர்த்துத்தான்.

தம்பி, உங்கள் லிஸ்டைத் திருத்தித் தபாலில் போட்டிருக்கிறேன். கண்ணாடிக் கேசிங்கை வெட்டி, அந்தக் காசைப் பவர் சப்ளைக்கு மாற்றியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம். பூட்டி முடிக்கிற அன்று மூடியைப் போட முதல் கட்டாருக்கு ஒரு வீடியோ கோல் எடுங்கள். வாப்பாவுக்கு ஒவ்வொரு பாகமாகக் காட்டுங்கள், பவர் சப்ளையிலிருந்து தொடங்கி.

அன்புடன்,
ஆசிரியர்