மலைநாட்டுக் கிறவல் வீதிக்கு ஒரு சைக்கிள்

சென்ற போயா விடுமுறையன்று, முன்னர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் கண்டியிலுள்ள என் இல்லம் தேடி வந்தார். இப்போது அவர் கலஹாப் பகுதியிலே தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர். இலக்கண ஐயம் ஏதேனும் கேட்பார் என்றெண்ணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தேன். அவரோ கைத்தொலைபேசியில் ஒரு சைக்கிளின் படத்தைக் காட்டி, "சேர், இதை வாங்கலாமா? மூன்று வருஷச் சேமிப்பு" என்றார். பண்டிதனிடம் கேட்கும் கேள்வியா இது என வாசகர் நகைப்பர். யானும் நகைத்தேன். ஆயினும் அவர் ஆளறிந்தே கேட்டார். அதன் காரணம் பின்னர்ப் புலப்படும்.

அவர் விரும்பியது கிறவல் சைக்கிள் எனப்படும் புதுவகை வண்டி. உடை, உணவு, படுக்கை யாவற்றையும் சிறுசிறு பைகளாக வண்டியின் உடம்போடு பிணைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள் தோட்டப் பாதைகளிலே சுற்றிவருதல் அவர் நோக்கம். ஹந்தானையிற் புறப்பட்டுக் கலஹா வழியாக லூல்கந்துர சென்று, ஹேவாஹெட்டப் பக்கமாக இறங்கவேண்டும் என்றார். லூல்கந்துர, ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடம். ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் 'பீக்கோ' நடைபாதையின் முதலிரண்டு பகுதிகளும் இவ்வழியே செல்கின்றன. வெளிநாட்டார் பலர் இப்போது அதில் நடக்கின்றனர். அப்பாதைகளை வெட்டியவர் எவருடைய பாட்டன்மார் என்பதை அவர்களுக்குச் சொல்வார் சிலரே.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. துவிச்சக்கர வண்டி என்று எங்கள் ஆசிரியர்கள் எழுதுவித்தார்கள். மிதிவண்டி என்றும் ஈருருளி என்றும் பிறர் எழுதுகின்றனர். யான் இவற்றுள் ஒன்றையும் வெறுப்பவனல்லன். ஆயினும் சைக்கிள் என்று சொன்னால் கம்பளைச் சந்தையிலும் பொருள் விளங்கும். 'கிறவல்' என்பதோ நம் நாட்டுத் தமிழில் என்றோ வேரூன்றிய சொல். கிறவல் வீதி என்று சொல்லாத கிராமசபையும் உண்டோ? ஆதலின் இவ்வண்டிக்குப் புதுப்பெயர் சூட்டும் வேலை எனக்கு இல்லை.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துச் சரளைப் பாதைகளிலே 2006ஆம் ஆண்டு தொடங்கிய 200 மைல் ஓட்டம் ஒன்று இவ்வகை வண்டிக்குப் பெரும் புகழ் தேடிக்கொடுத்தது. 2022இல் உலக வல்லவர் போட்டியே இதற்கென நடைபெற்றது. ஆனால் கரடுமுரடான வழியிற் சைக்கிளோட்டுதல் புதிதன்று. இங்கிலாந்திலே அதற்கென ஒரு கழகம் 1955இலேயே தோன்றிவிட்டது. பந்தய வண்டிபோல வளைந்த ஹாண்டில், அதனினும் அகன்ற ரயர், சமநிலை எளிதிற் குலையாத நீண்ட அடியமைப்பு, வட்டுப் பிறேக், பைகளைத் திருகிப் பொருத்தச் சட்டத்திற் பல துளைகள்: கிறவல் சைக்கிளின் இலக்கணம் இவ்வளவே.

மாணவர் காட்டிய வண்டி இவ்விலக்கணத்துக்குப் புறம்பானதன்று. கரிநாரிற் செய்த மெல்லிய சட்டம். ஒரு கையால் தூக்கலாம். ஆயினும் அதில் 40 மில்லிமீற்றரினும் அகன்ற ரயர் புகாது. துளைகளோ இரண்டு தண்ணீர்ப் போத்தலுக்கு மட்டுமே. அது ஓட்டப் போட்டிக்குப் பிறந்த வண்டி. நமது தோட்டப் பாதையைக் கிறவல் என்று சொல்வதே உபசார வழக்கு. அது உடைகல், மழை நீர் மண்ணை அரித்துச் சென்றபின் எஞ்சிய கல். குறுக்கே கான்கள் வேறு. அங்கே 45 அல்லது 50 மில்லிமீற்றர் ரயரில் முப்பது, முப்பத்தைந்து இறாத்தல் காற்று வைத்துச் செல்பவன் கையும் முதுகும் பிழைக்கும். ஒல்லி ரயரைக் கல்லாக இறுக்கி ஓட்டுபவன் கலஹா சேருமுன் வைத்தியரை நினைப்பான்.

ரயரின் அளவைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். இதில் ஏமாறுவோர் பலர். இலக்கணத்தில் ஒருபொருட் பன்மொழி என்றும் பலபொருள் ஒருமொழி என்றும் படித்திருக்கின்றோம். இரண்டும் சைக்கிள் கடையில் ஒருங்கே காணப்படும். 700 என்பதும், மலைச் சைக்கிள்காரர் 29 அங்குலம் என்பதும் ஒரே வளையம். ரயர் அமரும் இடத்தில் அதன் விட்டம் 622 மில்லிமீற்றர். ஆனால் நம் தந்தையர் ஓட்டிய பெரிய வண்டியின் 28 அங்குலச் சக்கரம் 635 மில்லிமீற்றர். 28 என்ற எண்ணைப் புதுவண்டியின் ரயரிலும் பொறிக்கின்றார்கள். அதை வாங்கிவந்து பழைய வண்டிக்கு மாட்ட முயன்றவனின் பெருவிரலைத்தான் கேட்கவேண்டும்! 26 அங்குலத்திலும் இதே மயக்கம்: மலைச் சைக்கிளில் அது 559, பழைய சிறு வண்டியில் 590. ஆகவே அங்குலத்தை நம்பாமல், ரயரின் பக்கத்தில் பொறித்த மூன்றிலக்க எண்ணைப் பார்த்து வாங்குக. இவற்றுள் 559 அளவு ரயர் நம் மலைநாட்டுச் சிறு நகரக் கடைகளிலும் தொங்கும். 622இல் அகன்ற ரயர் வேண்டுமாயின் கண்டிக்கோ கொழும்புக்கோ வரவேண்டியிருக்கும். மழை கொட்டும் பின்னேரம் தெல்தோட்டையில் ரயர் கிழிந்தால் இவ்வேறுபாட்டின் அருமை தெரியும்.

ரியூப் இன்றி ஓட்டும் முறையும் இப்போது பரவியுள்ளது. முள் குத்திய துளையை உள்ளிருக்கும் பால் தானே அடைத்துவிடும். அப்பாலிற் பலவகை இறப்பர்ப் பாலாற் செய்யப்படுவன. 1876இல் இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரைச் செய்தார். இரண்டும் சந்தித்தபின் உலகம் உருண்ட வேகம் யாவரும் அறிந்ததே. நம் வெப்பத்தில் அப்பால் சில மாதங்களில் உலர்ந்துவிடும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளவேண்டும். எதற்கும் ஒரு ரியூப் பையில் இருக்கட்டும்.

இனி ஏற்றம். கண்டி நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலே உள்ளது. நுவரெலியா 1,868 மீற்றர். பழைய வண்டியில் முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் என்று கொண்டால், பெடல் ஒரு சுற்றுச் சுற்ற வண்டி ஐந்து மீற்றருக்கு மேல் நகரும். சமதரையில் அது செல்வம். ஹந்தானை ஏற்றத்தில் தண்டனை. முன்னே 32, பின்னே 42 என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றேமுக்கால் மீற்றருக்கும் குறைவு. நடையின் வேகந்தான்; ஆனால் சுமையோடு ஏறலாம். கான்சஸ் நாட்டு வெளிகளுக்குப் போதுமான கியர் நம் மலைக்குப் போதாது என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

சட்டம் உருக்காய் இருத்தல் நன்று என்பது என் துணிபு. பாரம் கூடும், கூடட்டும். உருக்கு உடைந்தால் புசல்லாவையிலும் ஒட்டுவேலைக்காரர் ஒட்டுவார். கரிநார் உடைந்தால் அவர் என் செய்வார்? பிறேக்கும் எண்ணெயால் இயங்குவதை விடக் கம்பியால் இயங்கும் வட்டுப் பிறேக்கே உகந்தது. கம்பி அறுந்தால் எந்தக் கடையிலும் கம்பி கிடைக்கும். 2022இன் எரிபொருள் நெருக்கடியில் நாடே சைக்கிளைத் தேடியபோது, விலை ஏறியது ஒருபுறமிருக்க, உதிரிப்பாகத்துக்கு மக்கள் அலைந்த அலைச்சலை நாம் கண்டோம். அப்பாடம் மறக்கத்தக்கதன்று. உண்மையை உரைப்பின், முன்னதிர்வு தாங்கி இல்லாத பழைய உருக்கு மலைச் சைக்கிள் ஒன்றைத் தேடி எடுத்துச் செம்மை செய்தால் முக்காற்பங்கு காரியம் முடிந்துவிடும். இதைச் சொன்னபோது மாணவரின் முகம் வாடியது. இளைஞர் மனம் புதுமை நாடும், அது குற்றமன்று.

பைகளின் சங்கதிக்கு வருகின்றேன். என்னை ஆளறிந்து கேட்டார் என்றேனே, அதற்குக் காரணம் இதுதான். யான் யாழ்ப்பாணத்திற் பிறந்தவன். 1990க்குப் பின் எரிபொருள் தடைப்பட்டபோது எங்களுக்குச் சைக்கிளே பஸ், சைக்கிளே லொறி, நோயாளியை ஏற்றும் வண்டியும் சைக்கிளே. அதைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது என் வண்டியில் யான் ஏற்றியவை நூல்கள். கரியரில் உயர அடுக்கி, கயிற்றால் வரிந்தேன். தந்தையார் பார்த்துவிட்டு, "பாரத்தை மேலே கட்டாதே, பாருக்குக் கீழே, காலுக்கு நடுவே கட்டு" என்றார். தமது வண்டியில் அரிசி மூட்டையை அவ்வாறே சட்டத்தின் நடுவிற் கட்டியிருந்தார். நேரமில்லை என்று யான் கேட்கவில்லை. நாவற்குழிப் பாலத்துக்கு அண்மையில், சனநெருக்கத்தில் ஓரடி எடுத்துவைக்க ஒரு நாழிகை ஆகும் நிலையில், வண்டி மெல்லச் சாய்ந்தது. மேற்பாரம் இழுத்த வேகத்தை என் கைகளால் தாங்க இயலவில்லை. என் குறிப்புகள் எழுதிய நன்னூற் காண்டிகையுரையும் நிகண்டும் சேற்றுநீரிற் போயின. பின்னால் வந்தவர்கள் நின்று தேட இடங்கொடுக்கும் இரவாக அது இருக்கவில்லை.

மேனாட்டார் இன்று அழகிய பைகளாகத் தைத்து விற்பதும் தந்தையார் சொன்ன அதே விதிதான். கனமானவை, அதாவது தண்ணீர், ஆயுதங்கள், அரிசி பருப்பு, சட்டத்தின் முக்கோணப் பையுள். பருமனும் நொய்ம்மையும் உடைய படுக்கை ஹாண்டிலில் உருளையாக. உடைகள் சீற்றின் பின்னே. இச்சீற்றுப் பை பெரிதாகப் பெரிதாக, ஏறும்போது நாய் வாலாட்டுவதுபோல ஆடும்; ஆகவே பத்துப் பன்னிரண்டு லீற்றருக்கு மேற்பட்டதை விரும்பேன். எல்லாமாகப் பத்துக் கிலோ, மிஞ்சினாற் பன்னிரண்டு. கரியரும் இருபுறப் பையும் பழையனவென்று ஒதுக்குவோர் உளர். நல்ல வீதியில் அவற்றுக்கு நிகரில்லை. ஒற்றையடிப் பாதையில் மட்டுமே தேயிலைச் செடியிற் சிக்கும்.

அப்பைகளைக் கடல்கடந்து வருவிக்க வேண்டுமா? வேண்டாம் என்றேன். முச்சக்கர வண்டிக்குக் கூடாரமும் ஆசனமும் தைக்கும் குசன் கடைகள் கண்டியிற் பலவுண்டு. சட்டத்தின் முக்கோணத்தை அட்டையில் வெட்டிக் கொடுத்தால், படங்குத் துணியில் அவர்கள் தைத்துத் தருவார்கள். மழை புகாதென்று எந்தப் பையையும் நம்பலாகாது. உள்ளே தடித்த பொலித்தீன் உறை ஒன்று இருத்தல் அவசியம்.

கூடாரத்தைப் பற்றித்தான் எங்களுக்குள் வழக்கு நேர்ந்தது. "கூடாரம் எதற்குத் தம்பி? உமக்குத் தோட்டந்தோறும் உறவினர் உளரே, ஒவ்வோர் இரவும் ஒரு வீடு" என்றேன். நல்ல யோசனை சொன்னதாகவே எண்ணினேன். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்து, "அவங்ககிட்ட இடம் ஏது, சேர்?" என்றார். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கும் இடத்திலே, விருந்தினன் வந்தால் வெளியே படுப்பவர் வீட்டுக்காரர். அஃது எனக்குத் தெரியாததன்று, நினைவில் வரவில்லை. கூடாரம் ஹாண்டில் உருளையுட் சேர்க்கப்பட்டது. தோட்டத்தில் அனுமதி கேட்டு, கோயில் முற்றத்திலோ பாடசாலை வளவிலோ அடித்துக்கொள்வார். நக்கிள்ஸ் பக்கம் போவதாயின் வனத்திணைக்களத்தின் அனுமதி முன்னரே பெறவேண்டும். அட்டைக்கு உப்பும் வேண்டும்.

காலம் பார்த்துப் போகும்படியும் சொன்னேன். 2025 நவம்பர் இறுதியில் தித்வாச் சூறாவளி வந்தபோது நம் மாவட்டத்து மலைச்சரிவுகள் பட்ட பாட்டை இன்னும் ஒருவரும் மறக்கவில்லை. வரைபடத்திற் பாதை இருக்கும், நிலத்தில் இராது. தைமாதக் கடைசி முதல் பங்குனி வரை ஓரளவு உலர்ந்த காலம். சரிவுப் பாதையில் புதிய வெடிப்புக் கண்டால் திரும்பிவிடுதலே முறை.

எழுந்து போகும்போதுதான் மனத்திலிருந்ததைச் சொன்னார். தாயாருக்கு இதில் விருப்பமில்லையாம். முப்பத்திரண்டு ஆண்டு கொழுந்து பறித்தவர். "நாங்க கொழுந்துக் கூடையோட ஏறுன றோட்டுல, நீ லட்சத்தக் குடுத்து ஏறப் போறியா?" என்று கேட்டாராம். இதற்கு விடை என்னிடம் உண்டு என்று கருதியே அவர் வந்திருக்க வேண்டும். பயணத்தின் பயனைப் பற்றி வகுப்பறையிலே ஒருமணி நேரம் பேச எனக்குத் தெரியும். அந்த அம்மையார் முன் அதிலொன்றும் நில்லாது. "வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கும்; மிச்சத்தை வங்கியில் இடும்" என்று மட்டும் சொன்னேன். விடையன்று அது, அவரும் அறிவார்.

ஆறு வாரம் கழிந்தபின் அவர் வந்தார். உருக்குச் சட்டம், 559 சக்கரம், எவரோ ஓட்டிய பழைய மலைச் சைக்கிள். முன்னே 32 பல். குசன் கடையிலே தைத்த நீல நிறப் படங்குப் பை முக்கோணத்திற் பொருந்தியிருந்தது. ஆனால் அதன் வார் ஒன்று கழற்றப்பட்டிருப்பதைக் கண்டு காரணம் கேட்டேன். தாயார் பையைக் கையில் வாங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாராம். இடுப்பிற் படங்கு கட்டி மழையில் நின்றவருக்கு அத்துணியின் குணம் தெரியும். "வார் தைச்ச எடத்துலதான் தண்ணி எறங்கும், உள்பக்கம் இன்னொரு துண்டு வச்சு ரெண்டு தையல் போடச் சொல்லு" என்று வாரை அறுத்துக் கையிற் கொடுத்துவிட்டார். அதைத் தைப்பிக்கத்தான் அன்று கண்டிக்கு வந்ததாகச் சொல்லி, கடை மூடுமுன் போகவேண்டும் என்று விடைபெற்றுக்கொண்டார்.