ஆழம் தெரிந்து தூண்டில் விடு

வானொலியில் அலைவரிசை ஒரு நூல் விலகினாலும், எவ்வளவு நல்ல பாட்டும் இரைச்சல்தான். சால்மன் பிடிப்பவர்களுக்கும் இதே கதை. தூண்டிலில் எப்படிப்பட்ட இரை மாட்டினாலும், அது மீன் இருக்கும் ஆழத்தில் ஓடாவிட்டால் பயனில்லை.

கனடாவின் டொரோண்டோ நகரை ஒட்டிக் கிடக்கும் ஒண்டாரியோ ஏரியை எடுத்துக்கொள்வோம். ஏரி என்றுதான் பெயர். பரப்பளவில் சிங்கப்பூரைப்போல 25 மடங்கு. அதிகபட்ச ஆழம் 244 மீட்டர். அங்கே பரவலாகப் பிடிக்கப்படும் சினூக் சால்மன் அந்த ஏரியின் பூர்வீக மீன் அல்ல. பசிபிக் கடற்கரையிலிருந்து வந்த இனம். 1960களின் பிற்பகுதியிலிருந்து இந்த ஏரியில் பசிபிக் சால்மன் குஞ்சுகளை விட்டு வளர்க்கிறார்கள்.

கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டும். அடியிலோ 4 டிகிரிக் குளிர். சினூக் விரும்புவது ஏறக்குறைய 10 முதல் 13 டிகிரி வரை. ஆகவே அது நடுவில் ஓர் அடுக்கைத் தேடிப் போய் நிற்கும். சிக்கல் என்னவென்றால், அந்த அடுக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போனால், அடிக்குளிர் மேலே ஏறி வரும். நேற்று மீன் கிடைத்த ஆழம் இன்றைக்கு வெறும் தண்ணீர்!

நம்மூரில் தெங்கிரிக்குச் செய்வதுபோல, அங்கும் படகை மெதுவாக ஓட்டித் தூண்டிலை இழுத்துச் செல்கிறார்கள். ஓடும் படகின் பின்னால் சிறிய ஈயக்குண்டு கட்டினால், தண்ணீரின் தள்ளுவிசை அதை மேலே தூக்கிவிடும். இதற்கு விடைதான் ‘டிப்சி டைவர்’ போன்ற மூழ்கு தட்டுகள். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் வட்டம். ஒரு பக்கம் மட்டும் எடை. ஓடும் காரின் ஜன்னலுக்கு வெளியே கையைச் சாய்த்து நீட்டினால், காற்று கையைக் கீழே அழுத்துமே, அதேதான். படகு இழுக்க இழுக்க, எதிர்க்கும் தண்ணீரே சாய்ந்த தட்டைக் கீழே அழுத்துகிறது.

தட்டின் அடியில் 0 முதல் 3 வரை எண்கள் உண்டு. 0 வைத்தால் படகுக்குப் பின்னால் நேராக, ஆழமாக இறங்கும். எண் கூடக்கூட இடமோ வலமோ விலகி ஓடும், ஆழம் குறையும். இதனால் ஒரே படகில் பல தூண்டில்கள் சிக்காமல் ஓடலாம். எவ்வளவு நூல் விட்டோம் என்பதை ரீலில் உள்ள எண்ணி காட்டும். மீன் கடித்தவுடன் எண்ணையும் நூலின் நீளத்தையும் குறித்துக்கொண்டால், அடுத்த தூண்டிலையும் அங்கேயே இறக்கலாம்.

மீன் பலமாக இழுத்ததும் தட்டின் பிடி விடுபடும். தட்டு சாய்வை இழக்க, ரீல் சுற்றுவது எளிதாகும். இந்தப் பிடியைச் சரிசெய்வதில்தான் கைப்பக்குவம். தளர்த்தினால் அலைக்கே விடுபடும். இறுக்கினால் சின்ன மீன் மாட்டியதே தெரியாமல் வெகுதூரம் இழுபட்டுச் செத்துப்போகும். தட்டுக்கும் இரைக்கும் இடையிலுள்ள நூல், தூண்டில் கம்பைவிட நீளமாக இருக்கக்கூடாது என்பதும் முக்கியம். தட்டு கம்பின் நுனியைத் தொட்டபின் ரீல் சுற்ற முடியாது. மீன் கைவலைக்கு எட்டாமல் நின்றுவிடும்.

டொரோண்டோவில் உறவினர் வீட்டுக்குக் கோடையில் போகிறவர்கள் வாடகைப் படகில் ஏறினால், “எந்த இரை?” என்று கேட்பதற்கு முன், “இன்றைக்குக் குளிர்தண்ணீர் எத்தனை அடியில்?” என்று படகோட்டியிடம் கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்த ஆள் என்று அவருக்குப் புரிந்துவிடும். பிடித்ததைச் சமைப்பதற்கு முன், எந்த மீனை மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒண்டாரியோ அரசு வெளியிடும் வழிகாட்டியையும் பார்த்துவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது அவசியம்.