கிளாசிக்கல் என்பது பட்டமன்று

2024 அக்டோபர் 3 அன்று ஒன்றிய அமைச்சரவை மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமியம், வங்காளம் ஆகிய ஐந்தையும் செம்மொழிகளின் வரிசையில் சேர்த்தது. புனேயில் அதன்பின் நடைபெறும் மராத்தி விழாக்களில் ‘அபிஜாத் மராத்தி’ என்ற தொடர் ஒலிக்காத மேடை அரிது. வாழ்த்துரைகள் குவிந்துவிட்டன. அத்தொடருக்கு மூலமான ஆங்கிலப் பெயரடை என்ன பொருள் தருகிறது, எவ்வாறு வழங்குகிறது என்பதை மட்டும் மேடைகள் கேட்கவில்லை. தமிழ்த்துறைகளும் 2004 முதல் கேட்காமலேயே இருந்துவருகின்றன.

‘கிளாசிக்கல்’ என்பது கடினமான சொல்லன்று. பள்ளி மாணவருக்கும் தெரிந்த சொல். எனவே அதைக் கற்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழுவதில்லை. அகராதியில் ஒரு நிகர்ச்சொல்லைக் கண்டதும் பொருள் கைவந்துவிட்டதாகக் கொள்ளும் பழக்கமே இங்குள்ள கோளாறு. ஒரு பெயரடையின் பொருள் அது எந்தப் பெயரோடு சேர்கிறது, எதிலிருந்து எதைப் பிரிக்கிறது என்பதில் இருக்கிறது. ‘கிளாசிக்’, ‘கிளாசிக்கல்’ என்னும் இரண்டையும் ஒன்றாகவே எழுதும் ஆய்வேடுகள் நெறியாளரைத் தாண்டித் தேர்வாளரையும் தாண்டிச் செல்கின்றன. புனே உணவகங்களின் விலைப்பட்டியலில் குளிர்காபிக்கு முன்னால் நிற்பது முதற்சொல், அது பாராட்டு. லத்தீனுக்கும் அரபிக்கும் முன்னால் நிற்பது இரண்டாம் சொல், அது வகைப்பாடு.

மொழியியலார் வழக்கைக் காண்க. ‘கிளாசிக்கல் லத்தீன்’ என்றால் லத்தீன் மொழி முழுவதும் அன்று, ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி இரு நூற்றாண்டுக்குமேல் நிலவிய இலக்கிய லத்தீன் மட்டும். பேச்சு லத்தீனும் இடைக்கால லத்தீனும் அதன் புறத்தே நிற்கும். ‘கிளாசிக்கல் அரபி’, ‘கிளாசிக்கல் சீனம்’, ‘கிளாசிக்கல் ஆர்மீனியம்’ ஆகிய யாவும் ஒரு மொழியின் ஒரு கட்டத்தைப் பிற கட்டங்களிலிருந்து பிரிப்பவை. மெக்சிகோவின் நாவாட்ல் மொழியில் அவ்வடை பதினாறாம் நூற்றாண்டையொட்டிய எழுத்துவழக்கைச் சுட்டுகிறது. ஈராயிரம் ஆண்டுத் தொன்மை இருக்கிறதா என்று அதனிடம் எவரும் சான்றிதழ் கேட்கவில்லை. இப்பொருளில் ‘மிகவும் கிளாசிக்கலான லத்தீன்’ என்று சொல்ல இயலாது. வகைப்படுத்தும் அடை அளவேற்காது. ‘மரமேசை’ என்பதை ‘மிகவும் மரமேசை’ ஆக்க முடியாததுபோல.

இந்திய வழக்கில் அந்த அடை ஒரு கட்டத்தைச் சுட்டுவதை விட்டுவிட்டது. முழு மொழிக்கும், அதனைப் பேசும் கோடிக்கணக்கான மக்களுக்கும் சேர்த்துச் சூட்டும் பட்டமாகிவிட்டது. பட்டமானதால் அளவும் ஏற்கிறது: எம்மொழி உம்மொழியினும் செம்மொழி.

இச்சரிவு அச்சொல்லின் பிறப்பிலேயே தங்கியிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ரோமக் குடிமக்கள் சொத்து மதிப்பின்படி வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். அவ்வகுப்புகளுள் முதலாவதைச் சேர்ந்தவர்களே ‘கிளாசிகுஸ்’ எனப்பட்டனர் என்றும், அதற்கு 1,25,000 செப்புக்காசு மதிப்புள்ள சொத்து வேண்டும் என்றும் இரண்டாம் நூற்றாண்டு ஆசிரியர் அவுலுஸ் கெல்லியுஸ் குறிக்கிறார். அவர் நூலிலேயே இச்சொல் எழுத்தாளருக்கு அடையாகவும் வருகிறது. அங்கே அதற்கு எதிர்ச்சொல்லாக நிற்பது ‘புரோலெதாரியுஸ்’; பிற்காலத்தில் பாட்டாளியைக் குறிக்கவந்த சொல்லின் மூலம். வரி ஆவணத்திலிருந்து இலக்கியத் திறனாய்வுக்கு இடம்பெயர்ந்த சொல் அது.

காலனிய ஆட்சிக்காலப் பல்கலைக்கழகங்கள் இந்த வரிசையை அப்படியே இறக்குமதி செய்தன. கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதம், அரபி, பாரசீகம் ஒருபுறம். தமிழும் மராத்தியும் ‘வெர்னாக்குலர்’ என்ற பெயரில் மறுபுறம். அந்த இரண்டாம் சொல்லின் வேர் ‘வெர்னா’. எசமானின் வீட்டில் பிறந்த அடிமை என்பது அதன் லத்தீன் பொருள். முதல் வரிச்செல்வரும் வீட்டடிமையும் என இரு பெயரடைகளே பாடத்திட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டன. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் மராத்திக்கு இடம்வேண்டி ரானடே வாதாட நேர்ந்ததும், சென்னையில் தமிழுக்காகப் பரிதிமாற்கலைஞர் எழுத நேர்ந்ததும் இந்தப் பங்கீட்டினால்.

பரிதிமாற்கலைஞர் செய்ததை அவர் பெயரை மேற்கோளாக மட்டும் பயன்படுத்துவோர் கவனிப்பதில்லை. 1903இல் வெளிவந்த ‘தமிழ் மொழியின் வரலாறு’ நூலில் அவர் தமிழை ‘உயர்தனிச் செம்மொழி’ என்றார். ஓர் ஆங்கிலப் பெயரடையின் இடத்தில் மூன்று அடைகள்! அண்டை மொழிகளினும் மேம்பட்டு நிற்பது உயர்மொழி, பிறமொழித் துணையின்றி இயங்கவல்லது தனிமொழி, திருந்திய பண்புடையது செம்மொழி என ஒவ்வொன்றையும் பிரித்து விளக்கவும் செய்தார். அந்த அளவுகோல் இன்று ஏற்கத்தக்கதா என்பது வேறு விவாதம். நிகர்ச்சொல் ஒன்றைத் தேடி ஓடாமல், சொல் எந்த வேலையைச் செய்கிறது என்று அவர் கேட்டார் என்பதே இங்குக் கருதத்தக்கது. நூற்றாண்டு கழிந்து அரசு வந்தபோது ‘உயர்’ போயிற்று, ‘தனி’ போயிற்று. ‘செம்மொழி’ மட்டும் விளம்பரப் பலகைக்கு ஏற்ற நீளத்தில் எஞ்சிற்று.

அந்த எஞ்சிய சொல்லின் அமைப்பும் குழப்பத்திற்குத் துணைசெய்கிறது. செம்மை + மொழி என்பது பண்புத்தொகை. ஆங்கிலத்தில் வகையைச் சுட்டும் அடை தமிழில் பண்பாக உருமாறிவிடுகிறது. பண்பு என்றதும் பெருமை வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘செம்மை’ ஒன்றும் குற்றமற்ற சொல்லன்று. செந்தமிழுக்கு எதிரே கொடுந்தமிழை நிறுத்திய மரபு உண்டு. நேரானது ஒன்று, வளைந்தது மற்றொன்று. 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல், செந்தமிழைக் ‘கிளாசிக்கல்’ என்றும் கொடுந்தமிழைப் பேச்சுவழக்கு என்றும் ஆங்கிலப்படுத்தினார். அவர் கையில்கூட அது தமிழின் ஒரு வழக்கிற்கு உரிய அடையாகவே இருந்தது. தமிழ் முழுவதற்கும் அன்று.

மராத்தியின் நிலை இன்னும் நுட்பமானது. ‘அபிஜாத்’ என்பதன் நேர்ப்பொருள் நற்குடிப் பிறந்தது, உயர்பிறப்புடையது. மராத்திச் சமூகவியல் உரையாடலில் மேட்டுக்குடியைக் குறிக்கும் ‘அபிஜன்’ இதே வேரினது. அதற்கு எதிர்நிலையில் நிற்பது ‘பகுஜன்’. ஆக, வகுப்பைச் சுட்டிய லத்தீன் அடைக்கு மராத்தி தந்திருப்பது பிறப்பைச் சுட்டும் அடை. மொழிபெயர்ப்பு என்ற அளவில் இது தமிழினும் நேர்மையானது என்று சொல்லலாம். மூலத்தின் மேட்டிமை அப்படியே இறங்கியிருக்கிறது. ஆனால் அது வந்து அமர்ந்திருக்கும் பெயரை நோக்க வேண்டும்.

புனேயை அடுத்த ஆளந்தியில் ஞானேசுவரரின் சமாதி. 1290இல் முடிந்ததாகக் கருதப்படும் ஞானேசுவரி, சமஸ்கிருதம் எட்டாத மக்களுக்காகக் கீதையை அவர்கள் மொழியில் விரித்த நூல். சற்றுத் தொலைவில் தேகு. குன்பிக் குடியில் பிறந்த துக்காராமின் ஊர். சூத்திரர் ஒருவர் மராத்தியில் வேதப்பொருள் பாடுவதா என்ற சினத்தினால் அவருடைய சுவடிகள் இந்திராயணி ஆற்றில் அமிழ்த்தப்பட்டன என்பது மரபுச் செய்தி. பிறப்பைக் காட்டி மறுக்கப்பட்ட குரல்களே மராத்தியின் முதுகெலும்பு. அக்குரல்களின் மொழிக்கு இன்று ‘உயர்பிறப்புடையது’ என்று பெயர். இதே புனேயில் 1885இல் கூடிய மராத்தி நூலாசிரியர் மாநாட்டிற்கு ரானடே அழைத்தபோது சோதிராவ் புலே வர மறுத்து மடல் எழுதினார். எளிய மக்களுக்கு உரிமை தர மனமில்லாதோர் கூட்டும் அவையில் தம்மவர்க்கு வேலையில்லை என்பது அம்மடலின் சாரம். அவர் எழுதிய மராத்தியையும் சேர்த்துத்தான் ‘அபிஜாத்’ என்கிறார்கள். அவர் அதை ஏற்றிருப்பார் என்று நம்புவோர் அம்மடலை ஒருமுறை படிக்கலாம்.

அரசின் அளவுகோல்களோ ஓர் அடை பட்டமாகும்போது என்ன ஆகும் என்பதற்குப் பாடநூல். 2004 அக்டோபரில் தமிழுக்காக வகுத்தபோது ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தொன்மை போதும் என்றிருந்தது. 2005 நவம்பரில் சமஸ்கிருதம் சேர்ந்தபோது அது 1500 முதல் 2000 ஆண்டுகளாக உயர்ந்தது. பிற சமூகத்திடம் கடன்பெறாத சொந்த இலக்கிய மரபு வேண்டும் என்ற நிபந்தனை, கன்னடமும் தெலுங்கும் (2008), மலையாளமும் (2013), ஒடியாவும் (2014) சேரும்வரை ஏட்டில் இருந்தது. 2024 சூலையில் நீக்கப்பட்டது. சொற்பொருள் காலப்போக்கில் மாறுவது இயல்பு. விண்ணப்பங்கள் காத்திருக்கையில் குழு கூடி மாற்றுவதற்குப் பொருள்மாற்றம் என்று பெயரில்லை.

2024இன் ஆணையில் மற்றொரு விந்தை. மராத்தியும் பிராகிருதமும் ஒரே நாளில் பட்டம் பெற்றன. மராத்தியின் தொன்மைக்கு முன்வைக்கப்படும் சான்றுகளுள் தலையாயவை ஜுன்னருக்கு அருகேயுள்ள நாணேகாட் குகையின் சாதவாகனர் கல்வெட்டும், ஆலன் தொகுத்ததாகச் சொல்லப்படும் காதா சப்தசதியும். முன்னதன் மொழி பிராகிருதம். பின்னதன் மொழி மகாராட்டிரப் பிராகிருதம். மராத்தி அதன் வழிவந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரே கல்வெட்டைத் தாயின் கணக்கிலும் மகளின் கணக்கிலும் வரவுவைக்கும் முறையைத் தணிக்கையாளர் எவரும் ஏற்கமாட்டார். ‘கிளாசிக்கல்’ ஒரு கட்டத்தின் பெயராக இருந்திருந்தால் இச்சிக்கலே எழுந்திராது: மகாராட்டிரப் பிராகிருதம் ஒரு கட்டம், ஞானேசுவரியின் பழமராத்தி ஒரு கட்டம், இன்றைய மராத்தி ஒரு கட்டம். எதற்கும் இழிவில்லை.

இதைக் கண்டு தமிழ்நாட்டார் நகைக்க வேண்டாம். பிறமொழிகளுக்குப் பட்டம் தரப்பட்டதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்ற வழக்கு 2016இல் முடிவுற்றது. பிறருக்குக் கிடைத்தால் தமக்குள்ளது குறையும் என்று அஞ்சத் தூண்டுவது பட்டமே. வகைப்பாடு எதுவும் அப்படிச் செய்யாது. சங்கத் தொகைநூல்களின் மொழியை ‘கிளாசிக்கல் தமிழ்’ என்று உலக ஆய்வாளர் அழைப்பதற்கு எந்த அரசாணையும் தேவைப்பட்டதில்லை. பாரதியின் தமிழை அவர்கள் அப்பெயரால் அழைப்பதுமில்லை. அதனால் பாரதிக்கு என்ன குறைந்தது?

பட்டம் இருந்தால்தான் நிதி வரும் என்பது எதிர்வாதங்களுள் வலுவானது. இருக்கைகள், ஆய்வு உதவித்தொகைகள், சென்னையிலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் ஆகியவற்றைக் காட்டுவர். அவை பயனற்றவை என்பது இங்கு வாதமன்று. ஆனால் நாடாளுமன்றத்திற்கு அளிக்கப்பட்ட கணக்கின்படி 2017 முதல் 2020 வரையான மூன்றாண்டுகளில் சமஸ்கிருத வளர்ச்சிக்கு ஒன்றிய அரசு செலவிட்டது 643.84 கோடி ரூபாய். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஐந்திற்கும் சேர்த்து 29 கோடி. ஆறு மொழிகளுக்கும் அதே பெயரடை. தொகையில் 22 மடங்கு வேறுபாடு. பணத்தைக் கொண்டுவந்தது அடையன்று என்பதற்கு வேறு சான்று எதற்கு? நிதி கேட்பவர் நிதியையே கேட்கலாம்: கல்வெட்டுப் படியெடுக்க இவ்வளவு, சுவடி பதிப்பிக்க இவ்வளவு, ஆசிரியப் பணியிடம் இத்தனை என்று.

சொல்லுக்குப் பொருள் வழக்கே. இந்தியாவில் இது இப்படித்தான் வழங்குகிறது. ஆகவே இதுவே பொருள் என்பது மற்றொரு வாதம். மொழியியல் படித்தவர் வாயிலிருந்து வருவதால் இது கூர்மையாகத் தோன்றும். வழக்கை ஆதாரமாகக் கொள்பவர் அதைத் திரட்டவும் வேண்டும். புனேயின் டெக்கான் கல்லூரியில் 1948இல் தொடங்கிய வரலாற்றுமுறைச் சமஸ்கிருத அகராதி, ஏறத்தாழ ஒரு கோடிச் சீட்டுகளில் சொற்களின் ஆட்சிகளைத் திரட்டிவைத்துக்கொண்டு, முதல் தொகுதி வெளிவந்து நாற்பதாண்டு கடந்தும் முதல் உயிரெழுத்தைத் தாண்டவில்லை. அதன் மெதுவைக் கேலிசெய்வோர் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் நூல், காலம், சூழல் காட்டாமல் ஓர் அடியும் வைக்கமாட்டோம் என்ற பிடிவாதம் அது. ‘கிளாசிக்கல்’ என்னும் சொல்லுக்கு அத்தகைய சீட்டுகளை இந்தியச் சூழலில் திரட்டினால் மூன்று பொருள்கள் தனித்தனியே விழும்: ஒரு மொழியின் காலக்கட்டம், இசை, நடனங்களில் நாட்டார் வழக்கிலிருந்து பிரித்துக்காட்டும் தரநிலை, அரசு தரும் தகுதி. மூன்றையும் ‘செம்மொழி’, ‘செவ்வியல்’ என்ற இரண்டே சொற்களில் அடைத்து, முதற்பொருளுக்குரிய சான்றைக் காட்டி மூன்றாம் பொருளைக் கோருவதுதான் இப்போதைய வழக்கம். அதை வழக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. வகுப்பறையில் இம்மூன்றையும் பிரித்துக் கற்பிக்க ஒரு பாடவேளை போதும்.

மகாராட்டிரத்தில் கைக்காடி என்றொரு மொழி உண்டு. கூடைமுடையும் நாடோடிக் குடியினரின் திராவிட மொழி. தமிழுக்கு நெருங்கிய உறவு. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரையிட்ட சமூகங்களுள் கைக்காடியரும் இருந்தனர். முத்திரை 1952இல்தான் நீங்கிற்று. அச்சமூகத்தில் பிறந்த லட்சுமண் மானே 1980இல் வெளியிட்ட தன்வரலாறு ‘உபரா’ சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. அது மராத்தியில் எழுதப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைக்காடியைத் தனிமொழியாகக் காட்டுவதில்லை. தமிழ் என்ற தலைப்பின்கீழ் இருளம், எருகலம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணுகிறது. கணக்கெடுப்பு அதைத் தமிழ் என்கிறது. அரசாணை தமிழைச் செம்மொழி என்கிறது. மராத்தி அச்சொல்லை உயர்பிறப்புடையது என்று மொழிபெயர்க்கிறது. கைக்காடி பேசும் ஒருவரிடம் இம்மூன்றையும் வரிசையாக விளக்கிச் சொல்லும் பணியை எந்த மொழித்துறை ஏற்கப்போகிறது என்று, தமிழ்நாட்டிலும் புனேயிலும் அடுத்த செம்மொழிக் கருத்தரங்கிற்கு அழைப்பிதழ் அச்சிடுவோர் முதலில் தெரிவிக்கட்டும்.