செல்லாக் காசாகும் கல்வி

ஒரு கலாசாலையில் ஈராண்டு வாசித்துத் தேறிய மாணாக்கன், தகப்பனாரின் உத்தியோக மாற்றத்தாலோ குடும்பத்துக்கு நேர்ந்த கஷ்டத்தாலோ வேறோர் ஊருக்குப் போகிறான். அவ்வூர்க் கலாசாலையில் அவனுக்குக் கிடைக்கும் பதில் யாது? "உமது பாடங்கள் வேறு, எமது பாடங்கள் வேறு, விட்டுப்போன பரீக்ஷைகளை எழுதும், அன்றேல் ஓராண்டு பின்தங்கிச் சேரும்" என்பதே. படித்ததையே திரும்பப் படிக்க வேண்டும்; கட்டிய சம்பளத்தையே திரும்பக் கட்டவேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளை இதைத் தாங்குவான். ஏழைப் பிள்ளையோ படிப்பையே விட்டுவிடுகிறான்.

இக்குறையைப் போக்கவே சர்வகலாசாலை மானியக் குழுவினர் 2021-ம் வருஷம் ஜூலை மாதத்தில் கல்விப் புள்ளி பாங்கி என்னும் ஏற்பாட்டை விதியாகப் பிரசுரித்தனர். வாரம் ஒரு மணி வீதம் ஒரு பருவம் முழுதும் கேட்ட பாடத்துக்கு ஒரு புள்ளி என்பது பொதுக் கணக்கு. தேறிய புள்ளிகள் மாணாக்கன் பெயரில் வரவாகும். ஏழு வருஷம் வரையில் செல்லும். வேறு கலாசாலைக்கும் மாற்றிக்கொள்ளலாம். இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், பெட்டியில் பணமிருந்து பயனென்ன, கடைக்காரன் அதை வாங்க மறுப்பானாயின்? புள்ளியைக் காப்பது பாங்கி. அதை ஏற்பதும் தள்ளுவதும் சேர்த்துக்கொள்ளும் கலாசாலையின் கையில் இருக்கின்றன. மாணாக்கனின் உரிமை இவ்விடத்தில் பிறர் தயவாக மாறிவிடுகிறது.

எல்லாக் கலாசாலைகளின் தரமும் ஒன்றல்ல என்று ஆக்ஷேபிப்பார் உண்டு. உண்மையே. ஆனால் பட்டமளிக்கும் நிலையத்திலேயே பாதிப் புள்ளிகளையேனும் ஈட்டவேண்டும் என்று அவ்விதிகளே தரத்துக்குக் காவல் செய்திருக்கின்றன. மேலும், 'ஸ்வயம்' என்னும் இணையப் பாடங்களின் மூலம் ஒரு பருவத்தில் நூற்றுக்கு 40 பங்கு வரையில் பெறலாமென்று அதே குழுவினர் அனுமதித்துள்ளனர். எங்கோ இருக்கும் ஆசிரியரைத் திரையில் கண்டு கற்றது செல்லும். பக்கத்து ஊர்க் கலாசாலையில் பெஞ்சில் உட்கார்ந்து கற்றது செல்லாது என்பது எவ்வூர் நியாயம்?

ஐரோப்பிய நாடுகள் 1989-ம் வருஷத்திலேயே இத்தகைய புள்ளிக் கணக்கைத் தொடங்கின. முழு ஆண்டுப் படிப்புக்கு 60 புள்ளி என்பது அவர்கள் அளவு. 1997-ம் வருஷத்து லிஸ்பன் உடன்படிக்கை இன்னும் ஒருபடி சென்றது. அயல்நாட்டுப் படிப்பை ஏற்க மறுப்பவரே, அது ஏன் தகாது என்று நிரூபிக்கக் கடமைப்பட்டவர் என்று அது விதித்தது. தேச எல்லையைத் தாண்டி வந்தவனுக்கு அங்கே கிடைக்கும் நியாயம், ஜில்லா எல்லையைத் தாண்டுபவனுக்கு இங்கே கிடைக்கலாகாதா?

நாம் கோருவன மூன்றே. இன்னின்ன பாடங்கள் ஏற்கப்படும் என்பதைச் சேருமுன்பே, குறித்த நாளுக்குள், எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் காரணம் காட்டவேண்டும். அக்காரணம் தவறாயின் சர்வகலாசாலையிடம் முறையிட வழி இருக்கவேண்டும். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை, மனமிருந்தால் போதும்.

மாணாக்கர்களும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். மதிப்பெண் பத்திரத்தோடு பாடத்திட்டத்தின் முத்திரையிட்ட பிரதியையும் வாங்கி வைத்துக்கொள்ளாமல் பழைய கலாசாலையின் படியை விட்டு இறங்கலாகாது. கற்ற கல்வி கள்வரால் கவரப்படாதது என்பர் நம் முன்னோர். அதைக் கலாசாலையே கவர்ந்துகொள்ளும் நிலையை இனியும் பொறுத்திருப்பது நமக்கு அழகன்று.