கூலருக்கு எர்த் உண்டா?

ஏப்ரல் பிறந்ததும் தில்லி, ஜெய்ப்பூர், நாக்பூர் நகரங்களில் மொட்டை மாடிகளிலிருந்து கூலர்கள் கீழே இறங்குகின்றன. துருவைச் சுரண்டி, பெயின்ட் பூசி, காய்ந்துபோன தட்டிகளை எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டிவேரோ மரச்சுருளோ அடைத்து, ஜன்னலில் தூக்கி வைக்கிறார்கள். ஒரு தகரப் பெட்டி, அதன் அடியில் தொட்டி நிறையத் தண்ணீர், தண்ணீருக்குள் கைப்பிடி அளவு பம்ப், நடுவில் ஒரு மின்விசிறி. ஏ.சி. வாங்க வசதியில்லாத லட்சக்கணக்கான குடும்பங்கள் வட இந்தியாவின் வெயிலைத் தாக்குப்பிடிப்பது இந்தப் பெட்டியை நம்பித்தான்.

மின்சாரத்தோடு சேரக் கூடாத மூன்றும் இங்கே ஒன்றாக இருக்கின்றன: உலோகம், தண்ணீர், வெறுங்கால். மே, ஜூன் மாதங்களில் அந்த ஊர்ப் பத்திரிகைகளின் உள்பக்கங்களில் கூலர் மரணங்கள் வந்தபடி இருக்கும். விவரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கூலர் ஓடிக்கொண்டிருந்தது, தொட்டியில் தண்ணீர் குறைந்தது, வீட்டிலிருந்த யாரோ சுவிட்சை அணைக்காமல் வாளியோடு போனார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ல் நாடு முழுவதும் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000-க்கும் அதிகம். வயலில் அறுந்து விழுந்த கம்பியை மிதித்தவர்களும் இதில் அடக்கம்.

கூலரில் நடப்பது என்ன? பம்பின் ஒயர் ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் ஊறி, மேலுறை வெடிக்கிறது. அல்லது தகரத்தின் கூர்மையான விளிம்பில் உரசி உரசி உரிகிறது. ஃபேஸ் ஒயர் பெட்டியைத் தொட்டுவிடுகிறது. ஆனால் விசிறி நிற்பதில்லை, பொறி பறப்பதில்லை, வாசனையும் வருவதில்லை. கூலர் வழக்கம்போலக் குளிர்ந்த காற்றை வீசிக்கொண்டிருக்கும், அதன் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறிய நிலையில்.

இதற்காகத்தான் பிளக்கில் மூன்றாவது பின் இருக்கிறது. மற்ற இரண்டையும்விட அது நீளம், தடிமனும் கூட. நீளமாக இருப்பதால் செருகும்போது முதலில் தொடுவதும் உருவும்போது கடைசியில் விடுவதும் அதுதான். தடிமனாக இருப்பதால் தவறிப்போய் வேறு துளையில் நுழையாது. பெட்டியில் கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோவது இதன் வேலை.

இவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாட்டை நம் வீடுகளில் பலவிதமாகத் தோற்கடிக்கிறார்கள். கூலரில் மூன்று பின் இருக்கும். அதை நீட்டிக்கும் எக்ஸ்டென்ஷனில் இரண்டே ஒயர்தான் ஓடும். பிளக் உடைந்துபோனால் ஒயரின் நுனியைச் சீவி, நேராகச் சாக்கெட்டில் நுழைத்து, கழன்று விழாமலிருக்கத் தீக்குச்சியைச் செருகுகிறார்கள். (இந்த ஏற்பாட்டைப் பார்த்தறியாத இந்தியர் இருக்க முடியாது.) மூன்று துளைச் சாக்கெட் சுவரில் அழகாக இருக்கும், உள்ளே எர்த் துளைக்கு ஒயரே போயிருக்காது. எல்லாவற்றிலும் மோசமானது, எர்த் இல்லாத வீட்டில் எலக்ட்ரீஷியன் செய்யும் சமயோசிதம். நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் முனையில் முடுக்கிவிடுவார். எங்கேயாவது நியூட்ரல் விட்டுப்போனால் கோளாறே இல்லாத ஃபிரிட்ஜும் ஷாக் அடிக்கும்.

லேசாக 'ஜிவ்'வென்கிறது என்று முறையிட்டால், பிளக்கைத் திருப்பிப் போடுங்கள் என்ற ஆலோசனை கிடைக்கும். இரண்டு பின் பிளக்கில் அப்படிச் செய்தால் ஷாக் நின்றுவிடுவதும் உண்டு. கசிவு நிற்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. அடுத்த முறை யாரோ வேறு பக்கமாகச் செருகும்வரைதான் அந்த நிம்மதி.

வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, ஏதாவது ஆனால் தானாக விழுந்துவிடும் என்பது படித்தவர்களிடமும் உள்ள நம்பிக்கை. கணக்கைப் பார்க்கலாம். நனைந்த உடம்பின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம். 230 வோல்ட்டில் அதன் வழியே பாய்வது 0.23 ஆம்பியர், அதாவது 50 வாட் பல்பு ஒன்று எடுக்கும் அளவு. கூலருக்கான 16 ஆம்பியர் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை யாரோ ஒரு விளக்கைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அது காப்பாற்றுவது சுவருக்குள் போகும் ஒயரை, மனிதனை அல்ல. மனித உடம்பின் எல்லை எவ்வளவு சிறியது என்பதை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சீல் தன்னார்வலர்களை வைத்தே அளந்தார். பிடித்த கம்பியை விட முடியாமல் கை இறுகிப்போவது ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியரிலேயே, பெண்களுக்கு இன்னும் குறைவாக. 0.23 ஆம்பியர் என்பது 230 மில்லி ஆம்பியர். இதயம் தாறுமாறாகத் துடித்து அடங்க அது தாராளம்.

எர்த் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? வாசலில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டிய எர்த்தாகவே இருக்கட்டும். கோடையில் மண் காய்ந்து அதன் தடை 10 ஓம் ஆகிவிட்டால், பெட்டியிலிருந்து நிலத்துக்குப் பாய்வது 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இந்த அளவுக்கு உடனே விழாது. ஒரு மணி நேரம்வரைகூட எடுத்துக்கொள்ளலாம். அதுவரை பெட்டியைத் தொடுவது ஆபத்துதான்.

இந்த ஓட்டையை அடைக்க இருப்பது ஆர்.சி.சி.பி. (பழைய எலக்ட்ரீஷியன்களுக்கு ஈ.எல்.சி.பி. என்று சொன்னால் புரியும்.) ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, அது யார் உடம்பு வழியாகவோ நிலத்துக்குப் போகிறது என்று கொண்டு, நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். கசிவு பெரிதானால் இன்னும் வேகமாக. ஆனால் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தவரை அதனால் காப்பாற்ற முடியாது. போனதெல்லாம் திரும்பி வருவதால் அதன் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே படும்.

விலை ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். மத்திய மின்சார ஆணையம் 2010-ல் வகுத்த பாதுகாப்பு விதிகள் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறையாத வீட்டு இணைப்புகளுக்கு இதைக் கட்டாயமாக்கின. 2023-ல் வந்த புதிய விதிகளிலும் இது இடம்பெற்றிருக்கிறது. அந்த அளவுக்கும் கீழே இணைப்பு வைத்திருக்கும் ஒற்றை அறை வீடுகளில்தான் பழைய தகரக் கூலர்கள் அதிகம் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

மாட்டிய வீடுகளிலும் அது நிலைப்பதில்லை. முதல் மழைக்கு நாலு முறை விழும். டி.வி. பார்க்க முடியவில்லை என்று வீட்டில் சத்தம் எழும். எலக்ட்ரீஷியன் வந்து அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிட்டு, 'பீஸ் சரியில்லை' என்று சொல்லிப் போவார். பெரும்பாலும் பீஸ் சரியாகத்தான் இருக்கும்; ஈரமான சுவரிலோ கீசரிலோ கூலர் பம்பிலோ எங்கோ கசிகிறது. பிளக்குகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தால் எதை உருவியதும் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னொரு பொறி. மெயினை அணைத்துவிட்டோம் என்று ஒயரில் கை வைப்பார்கள். மெயின் போன அடுத்த கணமே இன்வெர்ட்டர் அந்த ஒயருக்கு உயிர் கொடுத்திருக்கும். அதையும் தனியே அணைக்க வேண்டும். கூலரில் தண்ணீர் ஊற்றவோ சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே உருவிவிடுவது நல்லது, ஏனெனில் பல வீடுகளில் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கிறது.

ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் 'டி' என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு பொத்தான் உண்டு. மாதம் ஒரு முறை அதை அழுத்தினால் கருவி விழ வேண்டும். விழவில்லையென்றால், வேறொன்று மாட்டும்வரை கூலரைப் போடக் கூடாது.