கண்ணாடிக்கு ஆயுள் கெட்டி, சாஃப்ட்வேருக்கு?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் துப்பாக்கி பற்றிய கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் வெப்காமரா, ஸ்கேனர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

சென்ற வருடம் ப்ராஜெக்ட் வேலையாக அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரில் நான்கு மாதம் இருந்தேன். என் மேனேஜர் அந்த ஊர்க்காரர், வேட்டைப் பிரியர். (நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. அங்கே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு மான் வேட்டைக்குப் போவது சர்வ சாதாரணம். எனக்கு அதில் விருப்பம் இல்லை, அது வேறு கதை.) ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டவர், பூட்டிய பீரோவைத் திறந்து இரண்டு ரைஃபிள்களைக் காட்டினார். ஒன்று அவருடைய அப்பா 1970-களில் வாங்கியது. அதன் மேல் இருக்கும் ஸ்கோப், அதாவது குறி பார்க்கும் டெலஸ்கோப், அன்றைக்குப் பொருத்தியதுதான். நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும். இன்னொன்றில் இருப்பது டிஜிட்டல் ஸ்கோப். பயிரை நாசம் செய்யும் காட்டுப் பன்றிகளை இரவில் பார்ப்பதற்காக ஏழெட்டு வருடம் முன்பு வாங்கினாராம். பழையது இன்றும் அப்படியே வேலை செய்கிறது. புதியதை மேஜை டிராயரில் போடப் போவதாகச் சொன்னார்.

ஏன் என்று கேட்டேன். அதற்கு முன் ஸ்கோப் என்பது என்ன, அது எப்படிக் கெட்டுப்போகிறது என்று பார்த்து விடுவோம்.

வெளியே பார்த்தால் ஒரு அலுமினியக் குழாய், இரண்டு பக்கமும் லென்ஸ். உள்ளே இன்னொரு சிறிய குழாய் இருக்கிறது. வெளியில் உள்ள திருகைத் திருப்பினால் அது அந்த உள்குழாயைத் தள்ளும். எதிர்ப்பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான அமெரிக்க ஸ்கோப்புகளில் ஒரு 'கிளிக்' திருப்பினால் 100 கெஜ தூரத்தில் குறி சுமார் கால் அங்குலம் நகரும். அப்படியானால் உள்ளே எவ்வளவு நுணுக்கமான அசைவு என்று யோசித்துப் பாருங்கள். இந்த நுணுக்கத்தின் மேல்தான் ஒவ்வொரு முறை சுடும்போதும் சுத்தியலால் அடித்த மாதிரி உதை விழுகிறது. வருடக்கணக்கில் உதை வாங்கிய ஸ்பிரிங் தளர்ந்தால் குறி ஒரு இடத்தில் நிற்காது. பழைய வேட்டைக்காரர்கள் திருகைத் திருப்பியதும் அதன் தலையில் லேசாகத் தட்டுவார்கள். உள்ளே சிக்கிக்கொண்டது ஏதாவது இருந்தால் நகரட்டும் என்றுதான். நம் ஊரில் டி.வி.யைத் தட்டிப் பார்த்த அதே வைத்தியம்!

அடுத்த எதிரி ஈரம். வெதுவெதுப்பான அறையில் இருந்து குளிருக்குப் போனால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் லென்ஸில் படிந்து பனி மூடிவிடும். அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தைச் சேர்ந்த லூபோல்ட் கம்பெனி 1947-ல் ஒரு ஸ்கோப்பை வெளியிட்டது. காற்றை எடுத்துவிட்டு உலர்ந்த நைட்ரஜன் வாயுவை நிரப்பி இறுக மூடிவிட்டார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மார்கஸ் லூபோல்ட், மான் வேட்டையின்போது தன் ஸ்கோப் பனி மூடியதால் கடுப்பாகி இதைச் செய்தார் என்பது அந்தக் கம்பெனி சொல்லும் கதை. இன்று நல்ல ஸ்கோப்புகள் எல்லாமே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பித்தான் வருகின்றன. வாயுவை உள்ளே பிடித்து வைத்திருப்பது ரப்பர் வளையம். அது வருடங்கள் போகப் போக இறுகி வெடிக்கலாம். கம்பெனிக்கு அனுப்பினால் மாற்றித் தருவார்கள்.

கைத்துப்பாக்கி ஸ்கோப்புக்குக் கஷ்டம் இன்னும் அதிகம். கையை நீட்டிப் பிடித்துச் சுடுவதால், கண்ணிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருந்தாலும் படம் தெரிகிற மாதிரி லென்ஸ் அமைக்க வேண்டும். ரைஃபிளின் கனம் உதையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பெரிய தோட்டா போடும் ரிவால்வரில் அந்தக் கனம் கிடையாது, துள்ளி எழும். பிஸ்டலின் மேல்பகுதியிலேயே பொருத்தும் சிவப்புப் புள்ளி சைட் என்றால், ஒவ்வொரு முறையும் அந்த மேல்பகுதியோடு சேர்ந்து பின்னால் போய் முன்னால் வந்து மோதும். பேட்டரி தொடும் தகடு ஒரு நொடி விலகினால் புள்ளி அணைந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. 'ஸ்கோப் போச்சு' என்று கொண்டு வருகிறவர்களில் பலருக்கு ஸ்கோப் நன்றாகவே இருக்குமாம். அதைத் துப்பாக்கியோடு பிடித்து வைத்திருக்கும் வளையத்தின் திருகுதான் தளர்ந்திருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று பதறும் நண்பர்களிடம் "முதலில் கேபிளைப் பார்" என்று நாம் சொல்வதில்லையா?

சரி, மேனேஜரின் டிஜிட்டல் ஸ்கோப்புக்கு வருவோம். லென்ஸில் கீறல் இல்லை. உதையில் எதுவும் உடையவில்லை. சென்சார் ஓடுகிறது. பிறகு? அதன் செட்டிங்குகளை மாற்ற செல்போனில் ஒரு ஆப் வேண்டும். கம்பெனி அந்த ஆப்பைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டது. பழைய போன் உடைந்து புதுப் போன் வாங்கினார். புதுப் போனில் அந்த ஆப் ஏறவில்லை. வேறு மாதிரி தோட்டாவுக்கு மாறியபோது, அதற்குத் தகுந்தபடி குறியைத் திருத்த வழியில்லாமல் போய்விட்டது. இரும்பும் கண்ணாடியும் சரியாகத்தான் இருந்தன. பொருள் மட்டும் உபயோகமில்லை.

இதைவிடப் பெரிய உதாரணம் அதே ஆஸ்டின் பக்கத்திலேயே உண்டு. டிராக்கிங்பாயின்ட் என்ற கம்பெனி 2013-ல் லினக்ஸில் ஓடும் கம்ப்யூட்டர் ஸ்கோப்புடன் ரைஃபிள் விற்கத் தொடங்கியது. இலக்கை பட்டன் அழுத்திக் குறித்துவிட்டால் தூரம், வெப்பநிலை எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, விசையை அழுத்திப் பிடித்திருந்தாலும் குறி சேரும் கணத்தில்தான் சுடும். 2015-ல் ரூனா சாண்ட்விக், மைக்கேல் ஆகர் என்ற தம்பதி சுமார் 13,000 டாலர் மதிப்புள்ள அந்த ரைஃபிளை ஆராய்ந்தார்கள். அதன் வை-ஃபை வழியாக உள்ளே நுழைந்து தோட்டாவின் எடையை மாற்றி எழுதினார்கள். கணக்கு தப்பி, தோட்டா பக்கத்து இலக்கில் போய்ப் பாய்ந்தது! (வை-ஃபை ஆன் செய்திருந்தால்தான் இது நடக்கும், தானாகச் சுட வைக்க அவர்களால் முடியவில்லை.) சாஃப்ட்வேரைத் திருத்தித் தருவதாகக் கம்பெனி சொன்னது. ஆனால் அதே வருடம்தான் பணநெருக்கடியால் புதிய ஆர்டர் எடுப்பதையே அது நிறுத்தி வைத்திருந்தது. பிறகு மறுபடி விற்பனையைத் தொடங்கியது என்றாலும் என் கேள்வி இதுதான். கம்பெனி அப்படியே மூடியிருந்தால் அந்த ஓட்டையை யார் அடைத்திருப்பார்கள்?

உடனே 'எலெக்ட்ரானிக்ஸ் என்றாலே உழைக்காது' என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் கம்பெனியின் சிறிய சிவப்புப் புள்ளி சைட்டுகள் ஒரே ஒரு பட்டன் பேட்டரியில் 50,000 மணி நேரம், அதாவது ஐந்தரை வருடத்துக்கு மேல், எரியும் என்கிறார்கள். அதிலும் எலெக்ட்ரானிக்ஸ்தான். ஆனால் ஆப் இல்லை, அக்கவுன்ட் இல்லை, அப்டேட் இல்லை. பொருளின் ஆயுளைக் குறைப்பது சிப் அல்ல, வேறு ஒருவரை நம்பி அது நிற்பதுதான் என்பது என் கட்சி. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவனே இப்படிச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கதையும் இதேதான். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா ஒரு ஸ்கேனர் வாங்கினார். கண்ணாடி இன்றும் பளபளவென்று இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி-க்குக் கொடுத்த டிரைவரோடு கம்பெனி கையைக் கழுவிவிட்டது. 64 பிட் விண்டோஸ் கம்ப்யூட்டர் வந்ததும் ஸ்கேனர் மூலைக்குப் போனது. "லைட்டு எரியுது, ஓடுது, அப்புறம் ஏன்டா வேலை செய்யல?" என்று அப்பா கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுப் பார்த்தேன். ஸ்கேனர்களுக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய 'சேன்' என்ற இலவச சாஃப்ட்வேர் அதைக் கண்டுபிடித்துவிட்டது. அப்பா இப்போது தாத்தா காலத்துப் போட்டோக்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே வாங்கும்போது வாரன்டி கார்டில் வருடத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்கோப் கம்பெனிகள் பலவும் கண்ணாடிக்கும் இரும்புக்கும் ஆயுள் முழுக்க உத்தரவாதம் தரும். எலெக்ட்ரானிக் பகுதிக்குச் சில வருடம் என்று தனியாக ஒரு வரி இருக்கும். ஆப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே இருக்காது. வெப்காமரா என்றால் எந்த டிரைவரும் போடாமல் விண்டோஸ் அதைக் கண்டுபிடிக்கிறதா என்று கடையிலேயே செருகிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் மேனேஜர் புதிய இரவு ஸ்கோப் வாங்கப் போனார். நானும் கூடப் போனேன். விற்பனையாளர் படத்தின் தெளிவு, வீடியோ வசதி என்று அடுக்கிக்கொண்டே போனார். மேனேஜர் தன் போனை ஆஃப் செய்து பாக்கெட்டில் போட்டுவிட்டு, "இப்போது இதன் குறியைத் திருத்திக் காட்டுங்கள்" என்றார். முதலில் காட்டிய இரண்டில் முடியவில்லை. மூன்றாவதில் பக்கவாட்டு பட்டன்களை வைத்தே திருத்த முடிந்தது. விலை கொஞ்சம் கூடுதல். அதைத்தான் வாங்கினார்.