உதிரி சிகரெட்டும் மன உறுதி உபதேசமும்

தில்லி ஆர்.கே.புரத்தின் முழுப்பெயர் இராமகிருஷ்ணபுரம். மலை மந்திருக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் அன்றாடம் சென்றுவரும் தமிழர்களில் பலருக்கே இப்பெயர் நினைவில் இருப்பதில்லை. அந்தப் பெயருக்குரிய இராமகிருஷ்ண பரமஹம்சர் பொருளாசையை வெல்ல மேற்கொண்ட பயிற்சி பரவலாக அறியப்பட்டது. கங்கைக் கரையில் காசையும் மண்ணையும் கையில் ஏந்தி, காசே மண், மண்ணே காசு எனத் திரும்பத் திரும்பச் சொல்லி, இரண்டையும் ஆற்றில் எறிந்தார். ஆசைக்குரிய பொருளை மதிப்பற்ற வேறொன்றுடன் மனத்தில் பிணைத்து ஆசையைத் தளர்த்தும் இம்முறையை இன்றைய உளவியல் வேறு பெயர்களில் ஆராய்கிறது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்களும் கல்லூரிப் பயிலரங்குகளும் அதையே சுருக்கி விற்கின்றனர்.

விற்கப்படும் வடிவம் எளியது. சிகரெட்டைக் கண்டால் புண்பட்ட நுரையீரலை நினைத்துக்கொள்ள வேண்டும். இனிப்பைக் கண்டால் அழுகலை நினைத்துக்கொள்ள வேண்டும். இருபத்தொரு நாள் இப்படிச் செய்தால் பழக்கம் போய்விடும். போகவில்லையா? உறுதி போதவில்லை என்று பொருள். உபதேசம் இங்கே முடிந்துவிடுகிறது. கேட்டவர் மூன்றாம் வாரம் மீண்டும் புகைக்கும்போது, நிக்கோட்டினோடு குற்றவுணர்வையும் சேர்த்தே உள்ளிழுக்கிறார். இந்த உபதேசத்தில் அறிவியல் பாதிதான் உண்டு. அறம் அந்த அளவுகூட இல்லை.

இருபத்தொரு நாள் கணக்கை முதலில் ஒதுக்கிவிடலாம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் தன்னியல்பாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள் தேவைப்பட்டது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது, சிறிது நடப்பது போன்ற எளிய நற்பழக்கங்களுக்கே இந்தக் கணக்கு. போதைப் பொருளைக் கைவிடுவதற்கு அதே கணக்கைக்கூடப் பொருத்திவிட முடியாது.

மனப்பிணைப்பு உத்தி பொய்யன்று. விரும்பும் பொருளையும் அருவருப்பான விளைவையும் கற்பனையிலேயே இணைக்கும் சிகிச்சையை ஜோசப் காட்டெலா 1960-களில் வகுத்தளித்தார். வேட்கை என்பது பெருமளவில் மனத்தில் எழும் துல்லியமான படிமமே என்று கவனா, ஆண்ட்ரேட், மே ஆகிய மூவரும் 2005-இல் விளக்கினர். சிகரெட்டின் மணமும் விரல் நடுவில் அது தரும் உணர்வும் மனத்திரையில் விரிய விரிய வேட்கை வலுக்கிறது. அதே திரையில் வேறொரு காட்சியை வலிந்து நிறுத்தினால், முதற்காட்சி மங்கி வேட்கையும் தணிகிறது. இவையெல்லாம் சோதித்தறியப்பட்டவை.

இந்தத் தணிவு எங்கே நிகழ்கிறது என்பதுதான் மறைக்கப்படும் பாதி. பாவ்லோவ் காலத்திலிருந்து தொடரும் ஆய்வுகளை மார்க் பூட்டன் மேலும் கூர்மைப்படுத்தினார். பழைய பிணைப்பு அழிவதில்லை. அதன்மேல் புதியதொரு கற்றல் படிகிறது. அந்தப் புதிய கற்றலோ, கற்ற இடத்தைச் சார்ந்தது. இடம் மாறினால் பழைய பிணைப்பு உயிர்பெற்று எழும். குளிரூட்டப்பட்ட கருத்தரங்க அறையில் கண்மூடிக் கற்ற அருவருப்பு, தேநீர்க் கடை வாசலில் துணைக்கு வராததில் வியப்பில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களைப் பற்றிய லீ ராபின்சின் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே ஹெராயினுக்கு அடிமைப்பட்டவர்களுள், ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமைப்பட்டோர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. பெரும்பாலோர் சிகிச்சையின்றியே மீண்டனர். அவர்களின் மன உறுதி ஒரே விமானப் பயணத்தில் பன்மடங்காகிவிடவில்லை. அவர்களைச் சூழ்ந்திருந்த இடமும் மனிதர்களும் மாறியிருந்தனர்.

தமிழ் மாணவர்களுக்கு இதை விளக்க வியட்நாம் வரை போகவும் வேண்டியதில்லை. மணிமேகலையில், காயசண்டிகை வடிவில் இருக்கும் மணிமேகலை, தன்னைத் தொடரும் உதயகுமரனுக்கு நரைத்த மூதாட்டி ஒருத்தியைக் காட்டுகிறாள். கூந்தலும் கண்ணும் பல்லும் மூப்பில் என்னவாயின என உறுப்புறுப்பாக எடுத்துரைக்கிறாள். காமத்தை அருவருப்போடு பிணைக்கும் முயற்சி அது. பௌத்த மரபில் நெடுங்காலப் பயிற்சி உடையது. ஆனால் உதயகுமரனிடம் அது தோற்கிறது. அருவருப்புக்குரிய காட்சி ஓர் உடலிலும், விரும்பிய பொருள் வேறோர் உடலிலும் இருந்தன. மாற்றுருவுக்குள் இருப்பவள் மணிமேகலையே என உய்த்துணர்ந்த அவன், நள்ளிரவில் அதே உலகவறவிக்குத் திரும்பி வந்து காஞ்சனனின் வாளுக்கு இரையானான். துறவியருக்குப் பயன்பட்ட பயிற்சி இளவரசனுக்கு ஏன் பயன்படவில்லை? துறவியர் அதைச் சங்கத்தின் நடுவில், நாள்தோறும், விலகிய வாழ்க்கையோடு சேர்த்துச் செய்தனர். இளவரசனுக்கு அது ஒருமுறை கேட்ட சொற்பொழிவு.

இனி ஆர்.கே.புரத்தின் பான் கடைகளுக்குத் திரும்புவோம். இந்திய அரசும் ஒரு மனப்பிணைப்பு உத்தியைக் கையாள்கிறது. 2016 ஏப்ரல் முதல் நாளிலிருந்து புகையிலைப் பொட்டலங்களின் முதன்மைப் பரப்பில் 85 விழுக்காடு எச்சரிக்கைப் படத்துக்கு உரியது. 2018 செப்டம்பரிலிருந்து, விட விரும்புவோர் அழைக்க 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணும் அச்சிடப்படுகிறது. 2016-17-இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், அந்த எச்சரிக்கையைக் கண்டு விட்டுவிட எண்ணியதாகச் சொன்ன சிகரெட் புகைப்போர் ஏறத்தாழ 62 விழுக்காடு. படம் வேலை செய்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆனால் கடையில் நடப்பது என்ன? அலுவலக இடைவேளையில் வரும் எழுத்தரும், தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் பொட்டலம் கேட்பதில்லை, ஒன்று கேட்கின்றனர். கடைக்காரர் பொட்டலத்திலிருந்து ஒன்றை உருவி நீட்டுகிறார். பற்றவைக்கக் கடையிலேயே லைட்டர் இருக்கிறது. புண்பட்ட வாயின் படமும் உதவி எண்ணும் கடைக்காரரிடமே தங்கிவிடுகின்றன. வாங்குபவர் விரலுக்கு வருவது வெள்ளையான, தூய்மையான, எந்த நினைவூட்டலும் இல்லாத ஒரு குழல். அருவருப்பு ஓர் உடலிலும் விருப்பம் வேறோர் உடலிலுமாக நிற்கும் உதயகுமரன் காட்சியை நம் கடைத்தெரு நாள்தோறும் அரங்கேற்றுகிறது.

இதனிடையே வணிகம் தன் பிணைப்புகளைத் தவறாமல் கற்பிக்கிறது. தேநீரோடு சிகரெட், நட்போடு சிகரெட், தேர்வு முடிந்த விடுதலையோடு சிகரெட். புகையிலை விளம்பரத்தைச் சட்டம் தடுத்தால், பான் மசாலாப் பெயர்களைத் தாங்கிய ஏலக்காய் விளம்பரங்களில் திரை நட்சத்திரங்கள் தோன்றுகின்றனர். ஒருபுறம், ஆண்டு முழுதும் தெருத்தெருவாக நடக்கும் பயிற்சி. மறுபுறம், தனிமனிதர் தம் தலைக்குள் நடத்த வேண்டிய மூன்று வாரப் பயிற்சி. இந்தப் போட்டியில் தோற்பவரை நோக்கி உறுதியில்லாதவர் என்பது, கைகளைக் கட்டி ஆற்றில் தள்ளிவிட்டு நீந்தத் தெரியாதவர் என்பதற்கு ஒப்பு.

இரண்டு மறுப்புகள் எழும். உதிரி விற்பனையைத் தடுத்தால் ஒன்று வாங்கியவர் பத்து வாங்குவார், புகைப்பது கூடும் என்பது முதலாவது. சிலர் அவ்வாறு செய்யக்கூடும். ஆயினும் பழகத் தொடங்கும் மாணவர் முழுப் பொட்டலத்தின் விலையை நினைத்தே தயங்குவார். வாங்குபவருக்கும் படமும் எண்ணும் சட்டைப்பையிலேயே உடன் வரும். சிறு கடைக்காரரின் பிழைப்பு கெடும் என்பது இரண்டாவது. இது மெய்யான கவலை. எனவே தண்டனையின் சுமை அவர்மேல் மட்டும் விழாதபடி, விநியோகிக்கும் நிறுவனங்களையும் பொறுப்பாக்கும் சட்டம் வேண்டும். மகாராஷ்டிரம் 2020-இல் உதிரி விற்பனையைத் தடைசெய்தது. மின்சிகரெட்டை 2019-இல் நாடு முழுவதும் தடைசெய்ய முடிந்த ஒன்றிய அரசுக்கு இது இயலாத செயல் அன்று.

பல்கலைக்கழகங்களுக்கும் கடமை உண்டு. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த எல்லையை ஒருமுறையேனும் அளந்து பார்க்காத நிருவாகத்துக்கு, மாணவர்களைக் கூட்டி மன உறுதி பற்றிப் பயிலரங்கு நடத்தும் தகுதி இல்லை. நடத்துவதானால் முழுமையாகக் கற்பிக்க வேண்டும். எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாருடன் இருக்கும்போது வேட்கை எழுகிறது என்பதை மாணவர் குறித்துவைக்க வேண்டும். மாற்றுக் காட்சியை அந்த இடத்திலேயே பழக வேண்டும். அங்கே கைக்கு வேறொரு வேலை இருக்க வேண்டும். சறுக்கினால், அது பழைய பிணைப்பு விழித்த ஒரு நிகழ்வு என்றும், குணக்கேடு ஆகாது என்றும் முன்னரே சொல்லிவைக்க வேண்டும்.

பரமஹம்சர் காசை எறிந்தபோது அவர் வாழ்ந்தது தட்சிணேசுவரக் கோயிலில். உணவும் உறைவிடமும் கோயில் தந்தது. எறிந்த காசை மறுநாள் காலையில் எவரும் மீட்டெடுத்து, மண்ணைத் துடைத்து, அவர் கையில் திணிக்கவில்லை. அவர் பெயர் தாங்கிய குடியிருப்பிலோ ஒவ்வொரு தேநீர் இடைவேளையிலும் அது நடக்கிறது. திணிக்கும் கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத உபதேசம், அந்தக் கைக்கே துணைபோகிறது.